தாலினில் 9 மணி நேரம், முழங்கால் வலி உள்ள அம்மா, பத்து வயதுப் பையன்: எப்படிப் போகலாம்?

நீலக்குடை

எல்லாருக்கும் வணக்கம். ஜூன் நடுவில் ஒரு வாரம் பால்டிக் கடலில் க்ரூஸ் போகிறோம். கோபன்ஹேகனில் ஏறி, தாலின், ஹெல்சிங்கி, ஸ்டாக்ஹோம் பார்த்துவிட்டுத் திரும்ப கோபன்ஹேகன். மற்ற ஊர்களுக்கு ஒரு மாதிரி திட்டம் போட்டுவிட்டேன், எஸ்டோனியாவின் தாலின்தான் பிடிபடாமல் நிற்கிறது. செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குக் கப்பல் கரையில் கட்டும், மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும்.

நாங்கள் நான்கு பேர். என் கணவருக்குப் பழைய நகரத்தை முழுக்கச் சுற்ற வேண்டும். பையனுக்கு அங்கே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் இருக்கிறது என்று எப்படியோ தெரிந்துபோய் அதையே பேசிக்கொண்டிருக்கிறான். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. சமதரையில் நடுநடுவே உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் நடப்பார், படி என்றால்தான் கஷ்டம், ஏறுவதைவிட இறங்குவது இன்னும் கஷ்டம். முப்பது வருஷம் பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தவர், ஒரு இடத்தில் சும்மா உட்காரவே பிடிக்காதவர், இப்போது "நான் கப்பல்லயே இருந்துக்கறேன், நீங்க போயிட்டு வாங்க" என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. அவருக்காகத்தான் இந்தப் பயணத்தையே போட்டோம்.

கப்பலிலேயே விற்கும் டூரில் பழைய நகர நடை மூன்றரை மணி நேரம், "அதிகம் நடக்க வேண்டியிருக்கும், படிகள் உண்டு" என்று போட்டிருக்கிறது. அது அம்மாவுக்கு ஆகாது. நாங்களாகவே போனால் சமாளிக்க முடியுமா? எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? போனவர்கள் சொல்லுங்கள்.

நடைப்பயணி

சகோதரி, தாராளமாக நீங்களாகவே போகலாம். இரண்டு வருஷம் முன்னால் கைத்தடி ஊன்றி நடக்கும் என் மாமனாரோடு இதே ஊரில் இறங்கினேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊரின் அமைப்பு மனதில் பதிய வேண்டும். பழைய தாலின் இரண்டு அடுக்கு. மேலே டோம்பெயா என்ற சுண்ணாம்புக்கல் குன்று, கோட்டையும் நாடாளுமன்றமும் பெரிய தேவாலயங்களும் அங்கே. கீழே வணிகர்கள் வாழ்ந்த நகரம், சதுக்கம், கடைத்தெரு, மதில். துறைமுகத்திலிருந்து பழைய நகரத்தின் வாசலுக்கு ஒரு கிலோமீட்டர்தான், அதனால் எல்லாரும் என்ன செய்கிறார்கள் என்றால் இறங்கியதும் நடந்தே கீழ் நகரத்துக்குள் நுழைந்து, அங்கே ஒன்றரை மணி நேரம் சுற்றிக் கால் ஓய்ந்த பிறகு குன்று ஏறுகிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம், மாமனார் பாதி வழியில் ஒரு வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். துறைமுகத்திலிருந்து ஒரு கார் பிடித்து நேரே மேலே, அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயத்தின் முன்னால் போய் இறங்குங்கள். வண்டி அதுவரை போகும். போல்ட் செயலி அங்கே நன்றாக வேலை செய்கிறது (2013-ல் அந்த ஊரிலேயே பிறந்த நிறுவனம் அது), கட்டணம் முன்கூட்டியே திரையில் தெரிந்துவிடும்.

மேலே எல்லாமே பக்கம் பக்கம். நெவ்ஸ்கி தேவாலயம் 1900-ல் கட்டி முடித்தது, ரஷ்யப் பாணியில் கறுத்த வெங்காயக் குமிழ்கள். உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எதிரே இளஞ்சிவப்பு நிறத்தில் நாடாளுமன்றம், அதன் மூலையில் பிக் ஹெர்மன் கோபுரம், உச்சியில் நீலம் கறுப்பு வெள்ளைக் கொடி. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் டோம் தேவாலயம், அதைத் தவறவிடாதீர்கள். சுவர் முழுக்க மரத்தில் செதுக்கி வண்ணம் பூசிய குடும்பச் சின்னங்கள், நூற்றுக்கும் மேல் இருக்கும், சில ஒரு ஆள் உயரத்துக்கும் பெரியவை, அவை ஒவ்வொன்றும் இறந்துபோன ஒரு பிரபுவின் நினைவாக மாட்டியது. முதல் முறையாக ரஷ்யக் கப்பல்களை உலகம் சுற்ற வைத்த குருசென்ஸ்டெர்னின் கல்லறையும் அங்கேதான். உட்கார நிறைய இருக்கை உண்டு, அம்மாவுக்கு நல்ல ஓய்வு. பிறகு கோஹ்துஒட்ஸா வியூ பாயிண்ட். சிவப்பு ஓட்டுக் கூரைகள், கூம்புக் கோபுரங்கள், அதற்குப் பின்னால் கடல், துறைமுகத்தில் உங்கள் கப்பல். தாலின் என்று தேடினால் வரும் படம் அதுதான்.

இப்போது முக்கியமான விஷயம், இறங்குவது. மேலிருந்து கீழே வர இரண்டு வழி. ஒன்று பிக் யல்க், அதாவது நெட்டைக் கால். இன்னொன்று லூஹிக்கே யல்க், குட்டைக் கால். ஒரு கால் நீளம் ஒரு கால் குட்டை என்பதால் தாலின் நொண்டி நடக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். குட்டைக் கால் செங்குத்து, படிகள் உண்டு, அம்மாவை அந்தப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள். நெட்டைக் கால் அந்தக் காலத்தில் குதிரை வண்டிக்குப் போட்ட பாதை, ஒரே சரிவாக இறங்கும், படி கிடையாது. ஆனால் கல் பாவியது. கல் என்றால் நம் மனதில் வரும் சப்பைக்கல் இல்லை, உள்ளங்கை அளவு உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி, தேய்ந்து தேய்ந்து மேல் பக்கம் வழவழப்பாக இருக்கும். கைத்தடியின் நுனி அந்த இடைவெளியில் சிக்கும். அடியில் புது ரப்பர் போட்டுக்கொண்டு போங்கள், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், மழை பெய்திருந்தால் இறங்கவே வேண்டாம், திரும்பவும் கார் பிடித்து கீழே வந்துவிடுங்கள்.

கீழே வந்ததும் சதுக்கத்தில் ஒரு மணி நேரம் போதும். 1404-ல் கட்டி முடித்த நகர மன்றம் அப்படியே நிற்கிறது. ஒலெவிஸ்தெ தேவாலயக் கோபுரத்தில் 232 படி, குறுகலான சுருள் படி, ஏறுபவரும் இறங்குபவரும் அதே படியில் ஒட்டி ஒட்டிப் போக வேண்டும். பையனும் அப்பாவும் வேண்டுமானால் ஏறட்டும்.

கப்பல்காரன்

அக்கா, நான் பத்து வருஷமாகக் க்ரூஸ் கப்பலில் வேலை செய்கிறேன், இந்த ரூட்டில் மூன்று சீசன் ஓடியிருக்கிறேன். என்ன பார்க்கலாம் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள், நான் நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ஓடி வந்தும், கேங்வே (கப்பலில் ஏறி இறங்கும் சாய்பாலம்) எடுத்த பிறகு கரையில் நிற்கும் ஆட்களை நான் மேலே இருந்து பார்த்திருக்கிறேன், ரொம்பக் கஷ்டமாக இருக்கும்.

5 மணிக்குக் கிளம்புகிறது என்றால் ஆல் அபோர்ட், அதாவது எல்லாரும் கப்பலுக்குள் இருக்க வேண்டிய நேரம், நாலரைக்கு. சில கப்பலில் இன்னும் முன்னால். கப்பலில் கொடுக்கும் அன்றைய நிகழ்ச்சித் தாளில் போட்டிருப்பார்கள், கேங்வே பக்கத்திலும் பலகையில் எழுதி வைப்பார்கள், இறங்கும்போது அதை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளிலேயே போர்ட் ஏஜெண்ட்டின் (அந்த ஊரில் கப்பல் கம்பெனியின் ஆள்) நம்பரும் இருக்கும், அதையும் சேர்த்து. கப்பலின் சொந்த டூரில் போனவர்கள் பஸ் பழுதாகித் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. மனசில்லாமல் இல்லை அக்கா, கப்பலுக்கு வழிகாட்டும் துறைமுகப் பைலட்டுக்கும் துறைமுகத்துக்கும் நேரம் குறித்தாகிவிடும், அடுத்த ஊரில் நமக்கு ஒதுக்கிய இடமும் நேரத்தோடுதான், ஒன்று தள்ளினால் எல்லாம் தள்ளும். நீங்கள் இறங்கும்போதும் ஏறும்போதும் அட்டையைத் தட்டுவதால் யார் வரவில்லை என்பது எங்களுக்குத் தெரியும். கேபினில் பாஸ்போர்ட் கிடைத்தால் எடுத்து ஏஜெண்ட்டிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அடுத்த ஊருக்கு உங்கள் செலவில் வர வேண்டியதுதான். தாலினில் ஒரு நல்லது, உங்களுக்கு அடுத்தது ஹெல்சிங்கி, வளைகுடாவைத் தாண்டினால் சுமார் 80 கிலோமீட்டர், பெரிய ஃபெரிகள் நாள் முழுக்க ஓடுகின்றன, இரண்டு மணி நேரம். அதற்காக அலட்சியம் வேண்டாம்.

அதைவிட ஆட்கள் மாட்டுவது கடிகாரத்தில். கோபன்ஹேகனும் ஸ்டாக்ஹோமும் ஒரே நேரம். தாலினும் ஹெல்சிங்கியும் அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். சில கப்பல்கள் ஒவ்வொரு ஊருக்கும் கடிகாரத்தை மாற்றும், சில மாற்றாது. கப்பல் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய பிறகும் உங்கள் கைக்கடிகாரம் பழைய நேரத்திலேயே இருந்தால், அது நாலு காட்டும்போது கப்பலில் ஐந்து. ஸ்டாக்ஹோமில் இதுவே தலைகீழ், கப்பல் ஹெல்சிங்கி நேரத்திலேயே இருந்தால் உங்கள் போன் தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும், போனை நம்பினால் போச்சு. அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது: ஒரு சாதாரண முள் கடிகாரம், குடும்பத்தில் ஒருவர் கையில், கப்பல் நேரத்துக்கு வைத்தது. மற்ற எந்த நேரத்தையும் அன்றைக்குப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொன்று, கடலில் இருக்கும்போது போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். கப்பலின் நெட்வொர்க்கில் தானாக ஒட்டிக்கொண்டால் பில் தாங்காது. கரையில் இறங்கிய பிறகு எடுங்கள்.

தாலினில் டெண்டர் படகு (கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களைக் கொண்டுவிடும் சின்னப் படகு) கிடையாது, நேரே கரையில் கட்டுவோம், கேங்வே சரிவு மட்டும்தான். அம்மாவுக்கு அதில் எங்கள் ஆட்கள் கை கொடுப்பார்கள். கூச்சப்படாமல் கேட்கச் சொல்லுங்கள். எட்டு மணிக்கே கீழே வந்து நிற்க வேண்டாம், முதலில் டூர் கூட்டத்தைத்தான் இறக்குவார்கள், எட்டேகாலுக்கு வந்தால் கேங்வே காலியாக இருக்கும்.

தாலின் மாணவி

அக்கா, நான் இங்கே தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், மூன்றாவது வருஷம். நடைப்பயணி ஐயா சொன்ன பாதை சரியான பாதை, மேலே முதலில், அதுவும் காலை ஒன்பதுக்குள். பத்து மணிக்கு மேல் கோஹ்துஒட்ஸாவில் ஒரே சமயத்தில் நான்கு குழுவின் கொடிகள் நிற்கும், நடுவே அம்மாவுக்குச் சுவரோரம் ஒரு இடம்கூடக் கிடைக்காது.

ஆனால் ஒன்பது மணி நேரத்தையும் பழைய நகரத்திலேயே செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் கற்களின் மேல் மூன்று மணி நேரம் நடந்தாலே நல்ல முழங்காலும் வலிக்கும். உங்கள் அம்மா பாட்டு டீச்சர் என்று படித்ததிலிருந்து ஒரே ஒரு இடம்தான் மனதில் ஓடுகிறது. லவுலுவால்யாக். பாட்டு வயல் என்று அர்த்தம். கடலோரத்தில் ஒரு பெரிய புல்சரிவு, அதன் அடியில் சிப்பி மாதிரி வளைந்த ஒரு மேடை, 1960-ல் கட்டியது. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை நாடு முழுக்க இருந்து கோரஸ் குழுக்கள் வந்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே மேடையில் நின்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். 1869-ல் தார்ட்டு நகரத்தில் தொடங்கிய விழா, இன்றுவரை நடக்கிறது. 2025 ஜூலையில் நானும் அந்தப் புல்லில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், முன் வரிசையில் ஒரு பாட்டி, அவர் கையில் குழந்தை, இரண்டு பேரும் வாய் அசைக்கிறார்கள், மொழி புரியாத எனக்கே தொண்டை அடைத்தது.

1988-ல் இங்கேதான் அது நடந்தது. சோவியத் ஆட்சியில் பாடக்கூடாத பாட்டுகளை இரவிரவாக வந்து பாடினார்கள், ஒளித்து வைத்த கொடிகளை வெளியே எடுத்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஒரே நாளில் சுமார் 3 லட்சம் பேர் கூடினார்கள். அப்போது எஸ்டோனியாவின் மொத்த மக்கள்தொகையே 15 லட்சம் சொச்சம், அதாவது ஐந்தில் ஒருவர் அந்தப் புல்லில். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 23 அன்று தாலினிலிருந்து ரீகா வழியாக வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மூன்று நாட்டு மக்கள் கைகோத்து நின்றார்கள், 1991 ஆகஸ்டில் சுதந்திரம் திரும்பக் கிடைத்தது. பாட்டுப் புரட்சி என்றே இதற்குப் பெயர். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் இந்த இடத்தைப் பார்க்காமல் கப்பலில் உட்கார்ந்திருக்கக்கூடாது அக்கா. தயவுசெய்து கூட்டிப் போங்கள்.

விழாவோ கச்சேரியோ இல்லாத நாளில் சும்மா உள்ளே போகலாம், காசு கிடையாது. கார்க்காரரிடம் மேல் பக்க வாசல் என்று சொல்லுங்கள், கீழே இறங்கினால் சரிவு ஏற வேண்டியிருக்கும். மேல் சரிவில் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் என்ற இசையமைப்பாளரின் வெண்கலச் சிலை, உட்கார்ந்து மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து பார்த்தாலே முழு மேடையும் கடலும் தெரியும், இறங்கவே வேண்டாம்.

போகிற வழியில் காத்ரியோர்க் பூங்கா. 1718-ல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் தன் மனைவி கேத்தரினுக்காகக் கட்டத் தொடங்கிய அரண்மனை, பின்னால் பூந்தோட்டம். பாதை எல்லாம் சமதரை, பெஞ்சுகள் ஏராளம். உங்கள் செவ்வாய்க்கிழமை நல்ல நாள்தான், திங்களன்று சில அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை, ஜூன் 23, 24 இரண்டு நாளும் இங்கே விடுமுறை, நடுக்கோடை நெருப்பு மூட்ட எல்லாரும் கிராமத்துக்குப் போய்விடுவார்கள், நகரம் காலியாகக் கிடக்கும், நிறையக் கடைகள் திறக்காது.

நீலக்குடை

மூன்று பேருக்கும் நன்றி, என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மாணவி எழுதியதை அம்மாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்ச நேரம் கழித்து "அந்த மேடைக்குக் கூரை எந்தப் பக்கம் பார்த்து இருக்கு?" என்று கேட்டார். வருவார் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. நீர்மூழ்கியை இதற்குள் எப்படி நுழைப்பது? அப்புறம் நாங்கள் மூன்று பேர் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

தாலின் மாணவி

நுழைக்கவே வேண்டாம் அக்கா, மதியத்துக்கு மேல் பிரிந்து போய்விடுங்கள். அண்ணாவும் தம்பியும் நீர்மூழ்கி இருக்கும் லென்னுசாடம் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், நீங்களும் அம்மாவும் பாட்டு வயலுக்கு. நான்கு பேரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்று வைத்தால் யாருக்கும் எதுவும் முழுசாகக் கிடைக்காது. லென்னுசாடம் துறைமுகத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான், ஆனால் பாட்டு வயலுக்கு நேர் எதிர்த் திசை. முதல் உலகப் போர்க் காலத்தில் கடல் விமானங்களுக்காகக் கட்டிய கொட்டகை, மெல்லிய கான்கிரீட் ஓட்டில் மூன்று பெரிய கவிகைகள், உள்ளே நுழைந்ததும் இருட்டும் நீல வெளிச்சமுமாகக் கடலுக்கடியில் இருப்பது போல இருக்கும். லெம்பிட் நீர்மூழ்கி 1936-ல் இங்கிலாந்தில் எஸ்டோனியாவுக்காகக் கட்டியது. உள்ளே ஏறிப் போகலாம், டார்பிடோ அறை, மாலுமிகள் படுத்த இடம் எல்லாம் இருக்கிறது. வெளியே தண்ணீரில் சூர் தோல் என்ற 1914-ம் வருஷத்து நீராவிப் பனி உடைக்கும் கப்பல். தம்பிக்கு இரண்டரை மணி நேரம் பறந்துவிடும்.

சாப்பாடு: சதுக்கத்தைச் சுற்றியுள்ள கடைகளில் விலையும் அதிகம், இறைச்சியும் அதிகம். பால்டி யாம என்ற ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 2017-ல் புதுப்பித்த சந்தை இருக்கிறது, நெட்டைக் கால் முடியும் இடத்திலிருந்து பத்து நிமிடம். பலவகைச் சாப்பாட்டுக் கடைகள், சமதரை, லிஃப்ட், சுத்தமான கழிப்பறை. பெர்ரிப் பழங்கள் கூடை கூடையாக இருக்கும், ஜூன் நடுவில் ஸ்ட்ராபெரி வரத் தொடங்கிவிடும். ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி, லெய்ப் என்பார்கள், கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, வெண்ணெய் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். யாராவது சாப்பிடுவதைப் பார்த்தால் "யாத்கு லெய்பா" என்பார்கள், ரொட்டி குறையாமல் இருக்கட்டும் என்று அர்த்தம். சூப்பர் மார்க்கெட் குளிர்பெட்டியில் கோஹுகே என்று சாக்லேட் பூசிய சின்னப் பால்கட்டித் துண்டு இருக்கும், பையனுக்குக் கண்டிப்பாகப் பிடிக்கும்.

ஜாக்கெட் மறக்காதீர்கள். ஜூனிலும் கடல்காற்று குளிரும், 15லிருந்து 20 டிகிரிதான்.

நடைப்பயணி

மாணவி சொன்னது நல்ல யோசனை. பாட்டு வயல் பற்றி எனக்குத் தெரியாமலே போய்விட்டது, மாமனாரை அங்கே கூட்டிப் போயிருக்கலாம் என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

சதுக்கத்தில் மறக்காமல் மூலையில் இருக்கும் மருந்துக்கடைக்குள் எட்டிப் பாருங்கள். ராயே அப்தேக். 1422-லேயே பதிவில் இருக்கிறது, இன்றும் அதே இடத்தில் மருந்து விற்கிறார்கள், பர்கார்ட் என்ற ஒரே குடும்பம் பத்துத் தலைமுறையாக 300 வருஷத்துக்கு மேல் நடத்தியிருக்கிறது. பக்கத்து அறையில் பழைய மருந்துகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் சுட்ட தேனீயும் மருந்து, பாம்புத்தோலும் மருந்து. பையன் அங்கேயே நின்றுவிடுவான். அப்புறம் பிக் தெருவில் மயஸ்மோக் என்ற காபிக் கடை, 1864-லிருந்து இருக்கிறது, ஜன்னலோரம் உட்கார்ந்து பாதாம் மாவில் பொம்மை செய்து வண்ணம் தீட்டுவதைப் பார்க்கலாம்.

நீலக்குடை

போய் வந்துவிட்டோம், நேற்றுதான் வீடு திரும்பினோம். எழுதாமல் இருந்தால் நன்றி கெட்டத்தனம்.

எட்டேகாலுக்கு இறங்கினோம், எட்டே முக்காலுக்கு நெவ்ஸ்கி வாசலில் இருந்தோம். ஒரு ஈ காக்கை இல்லை. டோம் தேவாலயத்தில் அம்மா அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ஆர்கன் வாசிக்கும் ஒருவர் ஏதோ பயிற்சி செய்துகொண்டிருந்தார், ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார், "இவரும் நம்மளை மாதிரிதான், வர்ற வரைக்கும் விடமாட்டார்" என்றார் அம்மா. நெட்டைக் காலில் இறங்க எங்களுக்கு நாற்பது நிமிடம். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் ஆகும் தூரம். ஒரு கை என் தோளில், ஒரு கை தடியில், பையன் முன்னால் நடந்து "இந்தக் கல் ஆடுது பாட்டி, அந்தக் கல்லில் வை" என்று ஒவ்வொரு கல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தான். ரப்பர் நுனி இல்லாவிட்டால் நிச்சயம் விழுந்திருப்பார். ஐயா, அதற்கு மட்டும் உங்களுக்கு நூறு நன்றி.

மருந்துக்கடை, சந்தை, ரொட்டி, ஸ்ட்ராபெரி எல்லாம் ஆயிற்று. ஒரு மணிக்குப் பிரிந்தோம். நீர்மூழ்கிக்குள் வட்ட ஓட்டை வழியாக அப்பா குனிந்து நுழையத் திணறியதை இன்னும் நடித்துக் காட்டுகிறான்.

பாட்டு வயலில் எங்களைத் தவிர நாயோடு நடந்த ஒரு பெண்மணியும், புல்வெட்டும் வண்டியில் ஒருவரும்தான். அம்மா சிலைக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். வெண்கலம் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து மஞ்சளாகப் பளபளத்தது, அவ்வளவு பேர் தொட்டிருக்கிறார்கள். 3 லட்சம் பேர், பாடக்கூடாத பாட்டு என்று மாணவி எழுதியதை மறுபடியும் சொல்லச் சொன்னார், சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக, பிள்ளைகளுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது போல, ச ரி க ம என்று ஏற்றி இறக்கி ஒரு முறை பாடினார். மேடை ரொம்ப தூரம், காற்று வேறு, ஒன்றும் திரும்பிக் கேட்கவில்லை. புல்வெட்டுகிறவர் வண்டியை நிறுத்தினார். பாடி முடித்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டு மறுபடியும் ஓட்டினார்.

மூன்றே முக்காலுக்குக் கப்பலில் இருந்தோம். கப்பல்காரன் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கப்பல் தாலினுக்காகக் கடிகாரத்தை மாற்றியது, ஸ்டாக்ஹோமுக்கு மாற்றவில்லை. நீங்கள் சொன்னபடியே ஸ்டாக்ஹோமில் என் போன், கணவர் போன் இரண்டும் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டன, கப்பல் நேரம் அம்மாவின் கையில் மட்டும் இருந்தது. அருங்காட்சியகக் கடையில் நாங்கள் நிதானமாகப் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது "மூணரை ஆச்சு, கெளம்புங்க" என்று எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்தவர் அவர்தான்.